கடைசியாய் வருபவரின் உரிமை

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடகோடியில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளும் நெடுநடைப்பாதை நூர்கலொட். எல்லைகளைப் பன்முறை கடக்கும் அப்பாதையின் பின்லாந்துப் பகுதியில் பூட்டில்லாக் குடில்கள் உண்டு; அவற்றிற்குக் கட்டணமில்லை, காவலருமில்லை. அங்கே ஒரு மரபு நிலவுகிறது: இடம் நிறைந்திருந்தால் கடைசியாக வருபவருக்கே முதலுரிமை, முன்பே வந்து இளைப்பாறியவர் விலகி இடந்தர வேண்டும்.

இது நீதியா? முந்தி வந்தவருக்கே முதலிடம் என்பதன்றோ நாம் பழகிய நியாயம்! அந்த நியாயம் வந்த நேரத்தை அளக்கிறது, தேவையை அளப்பதில்லை. குளிரில் களைத்து இப்போதுதான் கதவைத் திறப்பவருக்கு வேறு புகலிடமில்லை. உள்ளிருப்பவரோ உண்டு, உடையுலர்த்தி, உடல் தேறியவர். நாளை மற்றொரு குடிலின் வாசலில் அவரே கடைசியாய் நிற்கக்கூடும். முந்தி வந்ததனால் நமக்குக் கிடைப்பது உடைமையன்று, சற்றுநேர இளைப்பாறலே.