பரார்த்தமும் பக்கத்து வீடும்

கோயில் திருவிழா இரவில் எழும் இசையை வழிபாடென்று கொள்வதா, கேளிக்கையென்று கொள்வதா என்ற கேள்வியை எழுப்பியது ஆகமமன்று, உரிமம் வழங்கும் சட்டமே. மலேசியாவின் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், காவல் துறைக்கு முன்னறிவிப்புத் தரவேண்டிய கூட்டங்களிலிருந்து சமயக் கூட்டங்களை விலக்கி வைத்திருக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தின் 1995ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டமோ, இசை நிகழ்ச்சிகளை ஊராட்சி மன்றத்தின் உரிமத்துக்கு உட்படுத்துகிறது. எனவே அம்மாநிலத்தின் புக்கிட் பெருந்துங்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒரு மாரியம்மன் கோயில் திடலில் மாலையில் நடக்கும் உபயப் பூசை ஒரு சட்டத்தின் பார்வையிலும், இரதம் திரும்பியபின் அதே திடலில் மேடையேறும் இசைக்குழு வேறொரு சட்டத்தின் பார்வையிலும் விழுகின்றன. இரண்டுக்கும் ஒலிபெருக்கி ஒன்றே. கேட்டுக்கொண்டிருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளும் அவையே.

சட்டத்துக்கு வேண்டிய இந்தப் பிரிப்புக் கோட்டை மரபுக்குள் தேடினால் அது எளிதில் அகப்படுவதில்லை. இறைவனுக்குச் செய்யப்படும் பதினாறு உபசாரங்களில், அதாவது விருந்தினரைப் பேணுவதுபோல் செய்யும் பணிவிடைகளில், பாட்டும் வாத்தியமும் ஆடலும் இடம்பெறுகின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தியதைக் கல்வெட்டே பெயர் பெயராகச் சொல்கிறது. இதைக் காட்டித் திரைப்பாடல் கச்சேரியையும் உபசாரமென்று வாதிடும் திருவிழாக் குழுக்கள் மரபை இழுத்த இழுப்புக்கு வளைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் உறுமி மேளம் இசையே அன்று, வெறும் கூச்சல் என்று ஒதுக்குவோரும் நடுநிலையாளர் அல்லர். பறையைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய பழைய சாதிச் செவி அந்தத் தீர்ப்பிலும் வேலை செய்கிறது.

ஆகவே எது வழிபாடு என்று தேடுவதைவிட, வழிபாடு யாருக்காக என்று கேட்பது பயன் தரும். சைவம் பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இரண்டாகப் பகுக்கிறது: தன் உயிரின் நலம் கருதித் தனியாகச் செய்வது ஆன்மார்த்தம், உலகின் நலம் கருதிக் கோயிலில் செய்வது பரார்த்தம். தனி வழிபாட்டில் ஒலிக்கு மதிப்புக் குறைவு; பிறர் செவிக்குக் கேட்கும் செபத்தைவிட உதட்டளவில் நிற்கும் செபமும், அதைவிட மனத்துக்குள் ஓதும் மானத செபமும் உயர்ந்தவை என்பது பொதுவான கொள்கை. தூய மூலப்பொருளாகிய சுத்த மாயையிலிருந்து முதலில் தோன்றுவதாகச் சைவ சித்தாந்தம் சொல்லும் நாதமும் செவிப்புலனுக்கு எட்டும் ஓசையன்று. திருவிழா மட்டும் இந்த வரிசையைப் புரட்டிப் போடுகிறது. கொடியேற்றத்தை ஒட்டி நடக்கும் பேரிதாடனம், அதாவது தேவர்களையும் உயிர்களையும் அழைக்கப் பேரிகை முழக்கும் சடங்கு, ஊர் கேட்பதற்கென்றே செய்யப்படுகிறது.

பரார்த்தம் என்பதால்தான் அந்த முழக்கத்துக்கு உரிமை கிடைக்கிறது என்றால், அந்த உலகுக்குள் பக்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்திருக்கும் சீனக் கிழவரும், அதிகாலைப் பணிமுறைக்குச் செல்ல வேண்டிய மலாய்த் தொழிலாளியும் அடங்குவார்களா, மாட்டார்களா? அடங்குவார்கள் என்றால் அவர்கள் உறக்கம் பூசையின் கணக்கில் வந்தே தீரும். மாட்டார்கள் என்றால் நடப்பது பரார்த்தமே அன்று, ஒரு குழுவின் ஆன்மார்த்தம் பெருத்த வடிவம் எடுத்திருக்கிறது. உலக நலம் என்பது உலகத்தாரின் வசதியன்று, மருந்து கசக்கத்தான் செய்யும் என்று இதற்கு மறுமொழி சொல்லலாம். அம்மறுமொழியில் வலு உண்டு. எனினும் மருந்தைக் கேளாதவர் வாயில் ஊற்றும் அதிகாரத்தை அது எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது.

பழைய தோட்டங்களில் இக்கேள்விக்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம் பக்தியின் மிகுதி மட்டுமன்று. வட சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளின் எல்லையே ஏறக்குறைய அடியார் கூட்டத்தின் எல்லையாகவும் இருந்தது. பல தோட்டங்களில் கோயில் பணம் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. காப்புக் கட்டியபின் விரதம் அனைவரையும் பற்றியது. தோட்டத் துரையின் தலையசைப்பே உரிமமாக நின்றது, அவருக்கு விழாவில் மாலையும் விழுந்தது. ஆண்டு முழுவதும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பிய மணிக்கு யாருடைய ஒப்புதலும் கேட்கப்படாத இடத்தில், திருவிழா முழக்கம் ஒன்றே தொழிலாளர் தாமே எழுப்பிய ஓசை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. புக்கிட் பெருந்துங் அவ்வாறு 1990களில் எழுந்து, 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியால் பல வீடுகள் ஆளின்றிக் கிடக்கக் கண்ட நகரியம். காப்பின் எல்லையும் குடியிருப்பின் எல்லையும் அங்கே பிரிந்துவிட்டன. பிரிந்தபின்னும் ஒலி மட்டும் பழைய எல்லை வரை, இன்றைய பெருக்கிகளின் தயவால் அதற்கும் அப்பால், செல்கிறது.

பல சமயத்தார் கூடி வாழும் ஊரில் விழா எடுக்கும் முறையைத் தமிழ் இலக்கியம் அறியாததன்று. மணிமேகலையின் முதல் காதை, புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடக்கவிருக்கும் இந்திர விழாவை யானை மேல் முரசேற்றி அறிவிப்பதைச் சொல்கிறது. அந்த அறிவிப்பு வீதிகளை அணிசெய்யப் பணிப்பதோடு நிற்காமல், மாறுபட்ட சமயவாதிகளை முறையறிந்து பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறது, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகச் சொல்கிறது. விழாவைக் கொண்டாடாதவரையும் முன்னிலைப்படுத்திப் பேசுவதால் அது ஒரு வகையில் நல்ல உரிமப் பத்திரம். இக்காலத்து உரிமங்கள் பெரும்பாலும் வேலிக்குள் நடப்பதையே பார்க்கின்றன. எடுத்துக்காட்டாக, 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக்கு அருகில் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் நெரிசல் வேலியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையையே அடைத்தது.

சென்னையின் கே.கே.ஆர். குடியிருப்புவாசிகள் ஒரு தேவாலயத்தின் மேளத்தையும் ஒலிபெருக்கியையும் எதிர்த்துத் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடுமாறோ, மேளத்தோடும் ஒலிபெருக்கியோடும் வழிபடுமாறோ எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குள்ள தடையை அதே நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2007இல் வெலிகம பள்ளிவாசல் வழக்கில் அதே நேர எல்லையை வகுத்தது. முடிவு சரி, ஆனால் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காரணம் தமிழ்க் கோயிலுக்குப் பொருந்தாது. பேரிகையை ஆகமமே விதித்திருக்கையில், எந்தச் சமயமும் மேளத்தை விதிக்கவில்லை என்பது தவறான தகவல்.

சரியான காரணம் நேர்ச்சையின் இயல்பிலேயே இருக்கிறது. அலகு குத்துபவர் தம் உடலை வருத்துகிறார். காவடி எடுப்பவர் தம் தோளில் சுமக்கிறார். உபயக்காரர் தாம் உழைத்த பணத்தைத் தருகிறார். காணிக்கையாக வைக்கப்படுவது வைப்பவருக்கு உரியதாக இருக்கவேண்டும் என்பது எழுதா விதி. களவாடிய தேங்காயை உடைத்து யாரும் வேண்டுதலை முடித்ததாகக் கொள்வதில்லை. அண்டை வீட்டாரின் நள்ளிரவு அடியாரின் உடைமையன்று என்பதால் அதை அம்மனுக்குப் படைக்கவும் அவருக்கு உரிமையில்லை. இவ்வாறு உள்ளிருந்தே எல்லை வகுப்பது அயலானதன்று. சிலாங்கூரில் பள்ளிவாசல்களின் வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் குர்ஆன் ஓதுதலுக்கும் மட்டுமாகச் சுருக்க முனைந்தவர்கள் இஸ்லாமிய சமய அதிகாரிகளே.

இந்த வாதத்தைத் தவறான கைகளும் எடுத்துக்கொள்ளக்கூடும். ஷா ஆலமின் 19ஆம் பிரிவிலிருந்த மாரியம்மன் கோயிலை 23ஆம் பிரிவுக்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து, 2009 ஆகஸ்டு 28 அன்று சிலர் வெட்டிய பசுத்தலையுடன் மாநிலச் செயலகம் வரை ஊர்வலம் சென்றனர். எதிர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இரைச்சலும் இருந்தது, அதுவும் இன்னும் எழும்பாத கோயிலின் இரைச்சல். தாமானுக்கு முன்பிருந்தே நிற்கும் தோட்டக் கோயில்களுக்கு இவ்வகைப் புகார் புதிதன்று. நேரத்தையும் டெசிபல் அளவையும் எண்ணால் குறிக்கும் உரிமத்தைக் கோயில் குழுக்கள் சுமையாகவே கருதிவருகின்றன. ஆனால் அந்த எண் இருந்தால், ஒலியை வெறுப்பவரையும் கோயிலையே வெறுப்பவரையும் ஒலிமானியை வைத்துப் பிரித்துக் காட்ட அவர்களால் முடியும். அது இல்லாதபோது அதிகாரியின் செவியும் புகார் செய்தவரின் மனமுமே அளவுகோலாகின்றன.