பதினேழு வயதில் எடுத்த முடிவு

1998-ஆம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள ராயல் பர்க்டேல் திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் இறுதி நாள். ஜஸ்டின் ரோஸ் என்னும் பதினேழு வயது இளைஞர், கடைசிக் குழிக்கு ஏறத்தாழ ஐம்பது கஜத் தொலைவில் புல்லடர்ந்த இடத்தில் கிடந்த பந்தை உயரத் தூக்கி அடித்தார். பந்து தரையில் விழுந்து, உருண்டு, நேரே குழிக்குள் சென்று மறைந்தது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பங்குகொண்ட போட்டியில், பணம் பெறாத அமெச்சூர் ஒருவர் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். மறுநாளே அவர் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

அதன்பின் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இவ்விளையாட்டின் ஒரு விதியை அறிந்துகொள்ள வேண்டும். நான்கு நாள் நடைபெறும் போட்டியில், இரண்டாம் நாள் முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் கழிக்கப்படுவர். இதனைக் 'கட்' என்பர். கழிக்கப்பட்டவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணத்தில் ஒரு காசும் கிடைப்பதில்லை. விமானக் கட்டணம், விடுதி வாடகை, மட்டைப் பை சுமப்பவரின் கூலி எல்லாம் அவரவர் பொறுப்பு. ரோஸ் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு தொடர்ந்து 21 போட்டிகளில் இவ்வாறு கழிக்கப்பட்டார். ஒரு வாரம் உலகமே கொண்டாடிய இளைஞரை, அடுத்த ஓராண்டுக்கு அதே உலகம் இரக்கத்துடன் பார்த்தது. அவசரப்பட்டுவிட்டார் என்றனர் பலர்.

மூன்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு முடிவு. டை ட்ரையன் என்னும் இளைஞர் 2001-ஆம் ஆண்டின் இறுதியில், தம் பதினேழாம் வயதில், பி.ஜி.ஏ. டூர் என்னும் உயர்நிலைப் போட்டிகளில் ஆடும் தகுதியைப் பெற்றார். அத்தகுதித் தேர்வைக் 'கியூ ஸ்கூல்' என்று அழைப்பார்கள். பள்ளி என்ற பெயர் கொண்ட அந்த இடத்தில் ஆசிரியரும் இல்லை, பாடமும் இல்லை. ஒவ்வோர் அடியையும் எண்ணும் கணக்கு மட்டுமே உண்டு. அவ்வளவு இளம் வயதில் அத்தகுதியை அதற்கு முன் எவரும் பெற்றதில்லை. பதினெட்டு வயது நிறைந்தால்தான் முழு உறுப்பினராகலாம் என்ற விதி இருந்ததால் சில மாதங்கள் காத்திருந்தார். இடையில் நோய் வேறு. 2003-ஆம் ஆண்டின் முடிவில் அத்தகுதியை இழந்தார். சிறிய போட்டிகளுக்குத் திரும்பினார். முன்னிருந்த உயரத்தை மீண்டும் எட்டவே இல்லை.

இருவரும் எடுத்தது ஒரே முடிவு, வயதும் ஒன்றே. ரோஸ் பின்னாளில் 2013-இல் அமெரிக்க ஓப்பனையும் 2016-இல் ரியோ ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். ஆகவே அவருடைய முடிவைத் துணிவு என்கிறோம். ட்ரையனின் முடிவைப் பேதைமை என்கிறோம். ஆனால் முடிவெடுத்த நாளன்று இருவரிடமும் இருந்தவை ஒரே வகை ஆற்றல், ஒரே வகை நம்பிக்கை, ஒரே வகை அறியாமை. பின்னர் வந்த விளைவை வைத்து முன்னர் எடுத்த முடிவின் நன்மை தீமையைத் தீர்மானிப்பது முறையா?

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலாளர்கள் இதே வினாவை எழுப்பினர். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்ட சான்று, குடும்பத்தை விட்டுத் தாகித்தித் தீவுக்குச் சென்ற ஓவியர் கொகேன். அவர் பெரும் ஓவியராகாமற் போயிருந்தால், குடும்பத்தைக் கைவிட்டவர் என்ற பழி மட்டுமே எஞ்சியிருக்கும். ஓவியங்கள் வெற்றி பெற்றதால் நம் தீர்ப்பு தடுமாறுகிறது. அறவாழ்விலும் பேற்றுக்குப் பங்கு உண்டோ என்ற ஐயம் மேலைநாட்டு அறிஞர்க்குப் புதிதாகத் தோன்றியிருக்கலாம். ஊழ் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அது பழகிய ஐயமே. எனினும் பழகியதாலேயே அதற்கு விடை கண்டுவிட்டோம் என்று சொல்ல இயலாது.

விளைவைத் தள்ளிவைத்துவிட்டு முடிவை மட்டும் நோக்குவோம். அமெரிக்காவில் கோல்ஃபில் சிறந்த மாணவருக்குப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தை ஏற்று இடமளிக்கின்றன. நான்காண்டுகள் கல்லூரி அணிக்காக ஆடலாம். ஆனால் பரிசுப் பணத்துக்காகத் தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். மிஷெல் வீ தம் பதினாறாம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்னர், 2005 அக்டோபரில், தொழில்முறை ஆட்டக்காரரானார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் விளம்பர ஒப்பந்தங்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. பின்னர் அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, போட்டிகளுக்கிடையே படித்து, 2012-இல் பட்டமும் பெற்றார். இது பாராட்டுக்குரியது. ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் அணியில் மட்டும் அவருக்கு இடமில்லை. வகுப்பறை அவருக்குக் கிடைத்தது. தோழியரோடு ஓரணியாய் ஆடித் தோற்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தோற்கும் வாய்ப்பு என்று நாம் கூறுவது விளையாட்டாக அன்று. தொழில்முறை ஆட்டக்காரராக அவர் ஆடிய முதற் போட்டியை நினைவுகூர்வோம். மூன்றாம் நாளில் புதருக்குள் சென்ற பந்தை விதிப்படி எடுத்துக் கீழே விட்டபோது, குழிக்கு ஏறத்தாழ ஓரடி கூடுதல் அருகில் விட்டுவிட்டார். ஒரு பத்திரிகையாளர் இதனைக் கவனித்து மறுநாள் அலுவலர்களிடம் தெரிவித்தார். அவர்கள் கயிறு பிடித்து அளந்தனர். நான்காம் இடத்தில் போட்டியை முடித்திருந்த அந்தப் பெண் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். விதி விதியே, அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பதினாறு வயதில் செய்யும் ஓரடிப் பிழை, கல்லூரித் திடலில் நேர்ந்திருந்தால் பயிற்சியாளரின் ஒரு முகச்சுளிப்போடு முடிந்திருக்கும். இங்கோ அது உலகச் செய்தியாயிற்று. கல்லூரி தரும் பெருங்கொடை கல்வி மட்டுமே என்று நாம் எண்ணவில்லை. உண்மையைச் சொன்னால், பயிற்சிக்கும் பயணத்துக்கும் இடையே விளையாட்டு மாணவர்கள் நூல்களைப் புரட்டும் நேரம் பெரும்பாலும் குறைவே. அங்குக் கிடைப்பது, மனிதன் தன் பிழைகளுக்கு விலை கொடுக்காமல் வளர்வதற்கான ஓர் இடைவெளி.

இளமை கழிந்தால் ஆற்றலும் கழிந்துவிடும், ஆகவே விரைய வேண்டும் என்று சிலர் வாதிடலாம். உடலை வில்லாய் வளைக்கும் விளையாட்டுகளில் இது பொருந்தும். கோல்ஃபில் பொருந்தாது. ஜாக் நிக்லஸ் 1986-இல் தம் 46-ஆம் வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். ஃபில் மிக்கெல்சன் 2021-இல் பி.ஜி.ஏ. வாகையர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது ஐம்பது. அதே மிக்கெல்சன் 1991-இல் மாணவராயிருந்தபோதே தொழில்முறையினருக்கான போட்டி ஒன்றை வென்று, அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தைத் தொடாமல், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். முப்பதாண்டு ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தில் நான்காண்டு காத்திருப்பது இழப்பன்று. அப்படியாயின் அவசரம் எங்கிருந்து வருகிறது? ஆட்டத்திலிருந்தன்று, ஆட்டக்காரரின் பெயர் சூடாயிருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்று கருதும் சந்தையிலிருந்து.

ஆனால் சந்தையைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடுவதும் நேர்மையன்று. பணம் பெறாமல் ஆடுவதை உயர்வென்று போற்றிய காலம் ஒன்றிருந்தது. அமெச்சூர் என்ற சொல்லே 'அன்பு செய்பவர்' என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பாபி ஜோன்ஸ் பொறியியலும் ஆங்கில இலக்கியமும் பயின்று பட்டங்கள் பெற்றார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பரிசுப் பணத்துக்கு ஒருபோதும் ஆடாமலேயே 1930-இல், தம் 28-ஆம் வயதில், நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று ஓய்வு பெற்றார். அழகிய வாழ்க்கைதான். ஆனால் அவர் தந்தை வழக்கறிஞர். வீட்டில் அடுப்பெரிய மகனின் மட்டை தேவைப்படவில்லை. அதே காலத்தில் பணத்துக்கு ஆடியவர்களை மன்றக் கட்டடத்தின் வாயிலுக்குள்கூட விடமாட்டார்கள். 1920-இல் இங்கிலாந்தின் டீல் நகரில் நடந்த போட்டியின்போது வால்ட்டர் ஹேகன் ஒரு காரை வாடகைக்கு அமர்த்தி, மன்றத்தின் முன்னே நிறுத்தி, அதையே உடைமாற்றும் அறையாக்கிக்கொண்டார். உழைப்புக்கு ஊதியம் கேட்பதை இழிவென்று கருதியவர்கள் பெரும்பாலும் ஊதியம் தேவைப்படாதவர்கள். பதினேழு வயதினர் ஒருவர் தம் ஆற்றலுக்குரிய விலையைக் கேட்பதைப் பேராசை என்று கூற நம் நா எழவில்லை.

நம் மனத்தைக் குடைவது வேறொன்று. 1999-இல் பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரான ஓர் அமெரிக்க இளைஞரின் தந்தை, மகனிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார். மகன் வாழ்நாளெல்லாம் ஈட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு தமக்கு என்பது அதன் சாரம். மகனின் வளர்ச்சியில் தாம் செய்த முதலீடு என்றே அவர் அதனைக் கருதினார். பின்னர் அந்த இளைஞர் தந்தையிடமிருந்து விலகி, 2005-இல் ஒரு பெரிய போட்டியை வென்றார். அப்போதுதான் இச்செய்தி பரவலாக வெளிவந்தது. பெயர்கள் நமக்குத் தேவையில்லை.

எழுதி வாங்கிய தந்தையைக் கண்டிப்பது எளிது. எழுதாத ஒப்பந்தங்களை என்ன செய்வது? 'உனக்காக வீட்டை அடகு வைத்தோம்', 'உனக்காக வேலையை விட்டேன்' என்று பெற்றோர் கூறும் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பங்குப் பத்திரம் ஒளிந்திருக்கிறது. கூறாமல் விழுங்கிக்கொண்டாலும் பிள்ளைக்குத் தெரியும். இது அமெரிக்காவில் மட்டுமா என்று வாசகர் கேட்பது நம் காதில் விழுகிறது. பெற்றோர் பிள்ளைக்காகச் செலவிடுவது அன்பே. ஆனால் செலவு எப்போது முதலாகிறதோ, அப்போது பிள்ளையின் தோல்வி நட்டமாகிறது. பதினேழு வயதினர் தம் இசைவைத் தாமே தருகிறார் என்கிறோம். தாம் மறுத்தால் வீட்டின் கணக்குப் புத்தகம் புரண்டுவிடும் என்று அறிந்த ஒருவர் தரும் இசைவு எவ்வளவு தூரம் அவருடையது?

ஆகவே கல்லூரியா, தொழிலா என்று கேட்பதைவிட, தோற்றால் இவருக்குத் திரும்பிப் போக இடமிருக்கிறதா என்று கேட்பதே தகும் என்று நாம் கருதுகிறோம். அந்த இடம் கல்லூரியாக இருக்கலாம், வீடாகவும் இருக்கலாம். இந்திய வம்சாவளியினரான அக்ஷய் பாட்டியா கல்லூரியைத் தவிர்த்து 2019-இல் பதினேழு வயதில் தொழில்முறைக்கு வந்தார், பி.ஜி.ஏ. டூரில் தம் முதல் வெற்றியை 2023-இல்தான் கண்டார். அந்நான்காண்டுகள் ஒரு கல்லூரிப் படிப்பின் காலமே. அவர் எங்கே பயின்றார் என்று கேட்டால், கழிக்கப்பட்ட போட்டிகளில் என்றுதான் விடை கூற வேண்டும்.

இன்று விதிகள் மாறியுள்ளன. 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள், மாணவராயிருந்தபடியே தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் பெறலாம். கல்லூரியில் சிறந்து ஆடுவோர்க்கு பி.ஜி.ஏ. டூர் நேரடி வாயிலையும் திறந்துள்ளது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர் கார்டன் சார்ஜென்ட் 2023-இல் அவ்வாறு தகுதி பெற்றும், படிப்பை முடிக்கும்வரை அதனை ஒத்திப்போட்டார். கல்லூரியா, பணமா என்று பல்லாண்டு வாதிட்டது இயற்கையின் கட்டளையைப் பற்றியன்று, மனிதர் எழுதிய ஒரு விதியைப் பற்றியே என்பது இப்போது விளங்குகிறது. இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் முழுமனத்தோடு அன்று. விலை பேசப்படாத ஓர் இடைவெளி என்று நாம் முன்னர்க் கூறிய கல்லூரித் திடலுக்குள்ளும் விலைச்சீட்டு நுழைந்துவிட்டது. இனி அங்கும் ஒரு மாணவர் மோசமாக ஆடும் வாரத்தில், பயிற்சியாளரோடு சேர்ந்து ஒரு நிறுவனமும் முகஞ்சுளிக்கும்.

ஜஸ்டின் ரோசுக்குப் பயிற்சியளித்தவர் அவர் தந்தை கென். 2002-இல் மகன் தொழில்முறை ஆட்டக்காரராக முதல் வெற்றியைப் பெற்றபோது அவர் உயிரோடிருந்தார். இரத்தப் புற்றுநோயால் அதே ஆண்டில் இறந்தார். பெரும் பட்டம் எதையும் அவர் காணவில்லை. 2013 ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் மெரியன் திடலில், அமெரிக்க ஓப்பனின் கடைசிக் குழியில் பந்தைத் தட்டி முடித்ததும் ரோஸ் வானை நோக்கி விரலுயர்த்தினார். அன்று அமெரிக்காவில் தந்தையர் தினம்.