தலைநோவும் அறமும்

குடித்தவனுக்கு மறுநாட் காலையில் வரும் தலைநோவை உடல் விதிக்கும் தண்டனை என்பாருளர். அது தண்டனையாயின், விதிப்பவன் நடுநிலையாளன் அல்லன். ஒரே மேசையில் ஒரே அளவு அருந்திய இருவருள் ஒருவன் நண்பகல்வரை எழ இயலாமல் குமட்டிக் கிடக்கிறான்; மற்றவனோ விடியலில் குளித்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறான்.

இவ்வேறுபாடு ஒழுக்கத்தால் வந்ததன்று. உட்சென்ற மதுச்சாரத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிகைடு என்னும் நச்சுப்பொருளாக்கி, பின்னர்த் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. இரண்டாம் படியை நடத்தும் நொதி, சீனர், சப்பானியர், கொரியர் ஆகியோருள் பலர்க்குப் பிறவியிலேயே வலுக்குன்றியிருக்கும். ஒரு கிண்ணம் பீரே அவர்தம் முகத்தைச் சிவக்கவைத்து நெஞ்சைப் படபடக்கச் செய்யும். மறுநாள் நோவுக்கு உறக்கக் குறைவும், உடலின் அழற்சியும், பிராந்தி போன்றவற்றில் கலந்திருக்கும் பிற பொருள்களும் துணைபோகின்றன. மொத்தத்தில், தாங்கும் உடல் ஒருவன் ஈட்டிய பேறன்று, வாய்த்தது.

தலைநோவுக்கு அஞ்சிக் கோப்பையைத் தள்ளியவனை ஒழுக்கமுடையான் எனப் போற்றலாமா? அவன் செய்தது வரவு செலவுக் கணக்கே. ஆயினும் அவனை இகழ வேண்டுவதில்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிகிறதன்றோ!

நோவறியாதவன் நிலையே இரங்கத்தக்கது. மது எளிதில் தலைக்கேறாத இளைஞர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு மிகுதி என்று அமெரிக்க மருத்துவர் மார்க் சக்கிட் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வெறியும் மறுநாள் நோவும் வேறுவேறே. எனினும், தடுக்கும் கை இல்லாதவன் நெடுந்தொலைவு போய்விடுவான் என்பது இரண்டுக்கும் பொருந்தும். தலை நோகவில்லை என்பதனால் கல்லீரல் பிழைத்தது என்றும் ஆகாது. 'எவ்வளவு குடித்தாலும் அசையமாட்டான்' என்று தோழர் புகழ்வது அவனுக்குத் தோண்டும் குழியே.

வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மாணவர் ஒருமுறை இந்நோக்கில் படித்துப் பார்க்கலாம். பத்துக் குறளிலும் மறுநாள் தலைநோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஈன்ற தாயும் பொறாத நிலையையும், பொருள் கொடுத்து அறியாமையை வாங்கும் பேதைமையையுமே அவர் பேசுகிறார்.

1947ஆம் ஆண்டில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்டபோதும் எவன் தலை நோகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முந்தைய மாலை கள்ளருந்தி, விடியற்காலைப் பெரட்டுக்கு நோவின்றி வந்து நின்ற தொழிலாளரும் அந்நாளில் இருந்திருப்பர். அவர்தம் கூலியும் கள்ளுக்கடைப் பெட்டியில்தான் கிடந்தது.