பத்துப் பைசாவுக்கு யார் சம்மதம் கேட்டது?

வீட்டு வரி ரசீதை முழுதாகப் படிக்கிறவர்கள் குறைவு. தொகையைப் பார்ப்போம், போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்போம், கட்டிவிட்டு மறந்துவிடுவோம். நாம் கட்டும் அந்தப் பணத்துக்குள் நூலக வரி என்று ஒன்று இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. குடியாத்தம் நகராட்சிக்குள் மாடி வீடு வைத்திருப்பவர் கட்டுகிறார். பக்கத்து ஊராட்சியில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். நூலகத்தின் வாசல்படியை வாழ்நாளில் மிதிக்காதவரும் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் பெயரில் ரசீது வராதுதான், ஆனால் வீட்டுக்காரர் தன் கையிலிருந்தா போடுவார்? வாடகைக்குள் அதுவும் சேர்ந்துதான் இருக்கும்.

இந்தப் பத்துப் பைசாவைத் தரச் சம்மதமா என்று நம்மிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

கேட்கிற ஊர்கள் இருக்கின்றன. என் துறையில் இருப்பவர்களுக்கு சியாட்டில் நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஆன்சைட் போன ஊர், மீதிப் பேர் போக ஆசைப்பட்ட ஊர். அங்கே நூலகத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் நகர நிர்வாகம் கடன் பத்திரம் வெளியிடும். பத்திரம் வாங்குகிறவர்கள் இப்போது பணம் தருவார்கள், அதில் கட்டடம் எழும்பும், அசலும் வட்டியும் பல வருஷங்களுக்கு ஊர்க்காரர்களின் சொத்து வரியிலிருந்து போகும். வரி கூடுகிற விஷயம் என்பதால் முதலில் ஊரிடம் ஓட்டு கேட்க வேண்டும். பாதிக்கு ஒன்று கூடுதல் போதாது, 60 சதவீதம் தேவை. 1994இல் கேட்டார்கள். பாதிக்கு மேல் ஆதரவு வந்தும் 60ஐத் தொடவில்லை, திட்டம் விழுந்தது. 1998இல் மறுபடி கேட்டார்கள், 19.64 கோடி டாலருக்கு. ஏறக்குறைய 69 சதவீதம் பேர் சரி என்றார்கள். கண்ணாடியும் இரும்புமாகக் கோணல்மாணலாக நிற்கும் அந்த மைய நூலகம் 2004இல் திறந்ததும், நகரின் மற்ற பகுதிகளில் கிளை நூலகங்கள் புதிதானதும் அந்த ஓட்டால்தான்.

இதைப் படித்தபோது முதலில் வந்தது பொறாமை. நூலகத்துக்கு ஓட்டுப் போட வரிசையில் நிற்கிற ஊர் எப்படி இருக்கும்! நாம் நிற்காத வரிசையா? 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குள் போக ஒரு தொகுதி தேவைப்பட்டது. அவரை இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து அனுப்பியது குடியாத்தம். இன்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரிச் சொல்வார்கள். அதே வருஷம் ராஜாஜி காலத்து அரைநாள் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது, இரண்டு வருஷத்தில் மதிய உணவு வந்தது. ஆனால் ஊர் ஓட்டுப் போட்டது ஒரு மனிதருக்கு. மதிய உணவுக்கு இவ்வளவு செலவாகும், சம்மதமா என்று அந்த வாக்குச் சீட்டில் அச்சடித்திருக்கவில்லை. அச்சடித்திருந்தால்? எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

நூலகத்தைப் பொறுத்தவரை அந்த நிச்சயமின்மைக்குச் சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தின் 1850ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டம் ஓட்டோடுதான் வந்தது. வரி கட்டுகிறவர்களில் ஓட்டுப் போட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துக்கொண்டால்தான் ஒரு நகரம் நூலகத்துக்கு வரி போடலாம், அதுவும் பவுண்டுக்கு அரைப் பென்னிக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காசில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது. (1855இல்தான் இந்தக் கூத்து சரியானது.) எத்தனையோ ஊர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டன. வேண்டாம் என்றவர்களின் குழந்தைகளுக்கு அந்த ஓட்டில் குரல் இருக்கவில்லை.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் பயிற்சிக்குப் போனது இதே இங்கிலாந்துக்கு. திரும்பி வந்து நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு விடாமல் மன்றாடினார். 1948இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதில் ஓட்டெடுப்பு கிடையாது. சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சி வசூலிக்கும், வசூலித்ததை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது அவருடைய ஐந்து விதிகளில் கடைசி விதியின் சாரம். உயிர் என்றால் தினமும் சோறு வேண்டும், ஒவ்வொரு வேளைக்கும் ஓட்டெடுப்பு நடத்த முடியாது.

என் வேலையில் பழகிய மூளைக்கு இது உறுத்துகிறது. ஒரு செயலியில் நீங்கள் கேட்காமலே டிக் போட்டு வருகிற பெட்டியை வைத்து, அதை எடுக்கவும் வழியில்லாமல் செய்தால், அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நல்ல பெயரில்லை. நூலக வரி அப்படிப்பட்ட பெட்டிதான். அதைவிட மோசம், பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. பீடி சுற்றுகிற ஒரு அம்மாவின் வாடகைக்குள்ளிருந்து சில ரூபாய் போய் நான் படிக்கிற நாவலாக அலமாரியில் உட்காருகிறது. இதை என்ன சொல்லி நியாயப்படுத்துவது? வாசிப்பு உன்னதமானது என்று சொல்லியா? அது நமக்கு உன்னதம். அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கேட்காமல் ஒருவர் தலையில் ஒன்றைச் சுமத்துவது எப்போதுமே தப்பா என்று யோசிக்கும்போது, பாலாற்றுப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு வேறு ஓர் உதாரணம் தானாக வந்து நிற்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களின் கழிவு ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியபோது, கிணற்றுக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அதுவரை அந்தச் செலவை ஊர்தான் கட்டிக்கொண்டிருந்தது, ரசீதே இல்லாமல். லாபம் சிலருக்கு, உப்புத் தண்ணீர் எல்லாருக்கும். (அந்தத் தொழில்தான் இந்த வட்டாரத்துக்கே சோறு போட்டது என்பதும் உண்மை, அதனால்தான் இந்தக் கதை சுலபமாக முடியவில்லை.)

இரண்டிலும் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று அநியாயம் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது, மற்றது அப்படித் தெரியவில்லை. அப்படியானால் குற்றம் ‘கேட்கவில்லை’ என்பதில் மட்டும் இருக்க முடியாது. எடுத்தது எங்கே போகிறது, கொடுத்தவர் அங்கே போய்த் தன் பங்கைத் தொட முடிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். கெட்டுப்போன கிணற்றில் யாருக்கும் பங்கு இல்லை. நூலகத்தில் இருக்கிறது, கதவு அவருக்கும் திறந்திருந்தால்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா, நாற்பது வருஷம் லுங்கி நெய்தவர். அவரிடம் இந்த வரி விஷயத்தை ஒரு நாள் சொன்னேன். “அப்ப நான் படிக்காத பொஸ்தவத்துக்கு நான் துட்டு கட்றேனா நைனா?” என்றார். ஆமாம் தாத்தா என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, “ராத்திரி எத்தினி மணி வரைக்கும் தொறந்திருக்கும்? நம்ம பாப்பா கம்பெனி பஸ்சு வந்து எறங்கறதே ஏழு மணி. குரூப் ஃபோருக்குப் படிக்கணும்னுது” என்றார்.

பேத்தி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். நான் சம்மதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் நேரத்தைப் பற்றிக் கேட்டார். தத்துவமாகப் பார்த்தாலும் அவர் கேட்டதுதான் பெரிய கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். காலை பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வருகிற பெண்ணுக்குப் பகலில் மட்டும் திறந்திருக்கும் நூலகம் பூட்டிய நூலகம்தான். வீட்டில் உருது பேசிப் படிக்கிற பிள்ளைக்கு உருது அலமாரி இல்லாத நூலகமும் அப்படித்தான். அவர்கள் வீட்டிலிருந்தும் பத்துப் பைசா போகிறது.

இலக்கிய வாசகர்களான நாம் இங்கே கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. இன்றைக்குச் சிறு நகர நூலகங்களின் மேசைகளை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். ‘நூலகத்தைக் கோச்சிங் சென்டர் ஆக்கிவிட்டார்கள்’ என்று நம் ஆட்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நாளைக்கே ஓட்டெடுப்பு வந்தால், சிறுபத்திரிகை வாசகர்களின் ஓட்டை வைத்து ஒரு பெஞ்சுகூட வாங்க முடியாது. அந்தப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் போடும் ஓட்டில்தான் நம் நாவல்களும் உள்ளே வரும்.

சரி, அப்படியானால் சியாட்டில் மாதிரி ஓட்டு வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் பக்கம். ஒவ்வொரு ஊரும் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக் கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றால், சொத்து மதிப்பு உள்ள ஊருக்கு மாளிகை கிடைக்கும், ஓட்டு வீட்டு ஊருக்கு ஒன்றுமே இருக்காது. நம் முறையில் வரி மாவட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது, அதனால் வரி வருமானமே இல்லாத ஒரு மலையோரக் கிராமத்திலும் ஊர்ப்புற நூலகம் என்று ஒரு பலகை தொங்க முடிகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கடன் பத்திரம் நமக்குப் புதிதுமில்லை. அகமதாபாத் 1998இல் வெளியிட்டது, மதுரை 2001இல் உள்வட்டச் சாலைக்காக வெளியிட்டது. ஊரிடம் ஓட்டு மட்டும் கேட்கவில்லை.

ஆனால் சியாட்டில் கதையில் நான் பொறாமைப்பட வேண்டிய இடம் வேறு. 1994இல் தோற்றவர்கள் மறுபடி ஊரிடமே போக வேண்டியிருந்தது. எந்தக் கிளைக்கு என்ன வரும், எவ்வளவு செலவாகும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று பேச வேண்டியிருந்தது. ஓட்டு இருந்ததால் நூலகம் வீடுவீடாக வந்தது. நம்மிடம் வர அதற்கு அவசியமே இல்லை, பணம்தான் தானாக வந்துவிடுகிறதே. அதுவும் வர வேண்டிய இடத்துக்கு வருகிறதா என்றால், வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைத்திருப்பது வருஷா வருஷம் செய்தித்தாளில் வருகிற சங்கதி. நம் பாக்கெட்டிலிருந்து போனதென்றே நமக்குத் தெரியாத காசு காணாமல் போனால் யார் தேடப் போகிறோம்?

ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூலகப் புரவலர் ஆகலாம், பல நூலகங்களில் பலகையில் பெயர் எழுதுவார்கள். எம்.எல்.ஏ. நிதியில் கட்டினால் முகப்பிலேயே பெயர் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை தவறாமல் கட்டுகிற தாத்தா பெயர் எங்கேயும் இருக்காது. பெயர் வேண்டாம், அவருக்கு அதில் ஆசையுமில்லை. ஆனால் இந்த வருஷம் இந்த ஊரிலிருந்து இவ்வளவு வந்தது, இன்னது செய்தோம், அடுத்து என்ன செய்யலாம் என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். வாசகர் வட்டத்தை மட்டும் கூப்பிட்டால் போதாது, வரி கட்டுகிற எல்லாரையும் கூப்பிட வேண்டும். தமிழிலும் உருதுவிலும் நோட்டீஸ் அடிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கட்டடத்தைப் பெரிதாக்குவதா, இருக்கிற கட்டடத்தை ராத்திரி ஒன்பது வரை திறந்து வைப்பதா என்று அங்கே சண்டை வரும், வரட்டும். நான் இரண்டாவதற்குக் கை தூக்குவேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும், அன்றைக்குத்தான் கம்பெனி பஸ் ஓடாது.