கண்ணோட்டமும் காவலரின் விருப்புரிமையும்

சட்டத்தை மீறியவர் எனத் தெரிந்தும் ஒருவரைக் கைது செய்வதா, அபராதம் விதிப்பதா, எச்சரித்து அனுப்புவதா எனத் தாமே தீர்மானிக்கக் காவலருக்குள்ள அதிகாரம் விருப்புரிமை எனப்படும். அவ்வதிகாரத்தின் வழியே காட்டப்படும் இரக்கம் காவலர் அளிக்கும் கொடையா, எதிரில் நிற்பவருக்கு முன்பே உரியதா என்பது சட்டத்துக்கு முன் அறத்தின் கேள்வியாகும்.

கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டதாகப் போற்றப்படும் மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது; உறவு பாராமையே நீதி என்பது அக்கதையின் கருத்து. திருக்குறளோ அருளுடைமையைத் துறவறவியலில் வைத்து, பிறர் நிலை கண்டு நெகிழ்வதாகிய கண்ணோட்டத்தைப் பொருட்பாலின் அரசியலில், செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் பின்வரும் 58ஆம் அதிகாரமாக அமைப்பதால், ஆள்வோரிடத்தில் இரக்கம் துறவியின் அருளன்று, ஆளும் தொழிலின் உறுப்பே என்பது பெறப்படும். ஆயினும் பரிமேலழகர் கண்ணோட்டத்தைப் பழகியவர் கேட்டதை மறுக்க மாட்டாமை என விளக்குகிறார். அவ்விளக்கம் காவல் நிலையத்துக்குள் நுழைந்தால் சிபாரிசாக மாறிவிடும். கடமை கெடாமல் கண்ணோட வேண்டும் என வள்ளுவர் வைக்கும் நிபந்தனையே இங்கு முதன்மையானது.

திண்டுக்கல் சமவெளிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் சிறுமலைச் சாலையில், வாழைத்தார்களின் மேல் கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சரக்கு வாகனம் வருவதாகக் கொண்டால் இந்நிபந்தனையின் பொருள் விளங்கும். ஏழைகள் என்று அப்படியே போக விடுவது இரக்கம்போல் தோன்றினும், வளைவில் வண்டி கவிழ்ந்தால் மாள்பவர்களும் அவ்வேழைகளே. அவர்களைப் பரிவோடு இறக்கிப் பேருந்தில் அனுப்பிவிட்டு, சட்டத்தின் கடுமையை ஓட்டுநரிடமும் உரிமையாளரிடமும் செலுத்துவதே கடமை கெடாத கண்ணோட்டம்.

இதன் மறுபுறம் கொடியது. 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் அவரைத் தேடி அங்கு சென்ற மகனும் காவலில் தாக்கப்பட்டு, சில நாட்களிலேயே இறந்தனர். ஓர் எச்சரிக்கையோடு முடிந்திருக்க வேண்டிய செய்தி அது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரம்போல் கைது செய்யலாகாது, கைதின் தேவைக்குக் காரணம் காட்ட வேண்டும் என அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்பளித்திருந்தும் அவ்விருவருக்கு அது துணை வரவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு, மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில் அறுபது வயது கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது என்கிறது. முதுமைக்குக் காட்டும் பரிவு இங்கே காவலரின் மனநிலையைச் சாராமல் முதியவரின் உரிமையாகிவிட்டது. கைது தேவையில்லை என விடும்போதும் காரணத்தை எழுதி வைக்க அப்பிரிவு பணிக்கிறது. இதுவே அதன் ஆழமான பகுதி. ஏனெனில் தண்டனை தாளில் தங்குகிறது, மன்னிப்போ தடமின்றி மறைகிறது. தடமில்லாத மன்னிப்பு எந்தச் சாதிக்கு, எந்தச் செல்வாக்குக்கு மிகுதியாகக் கிடைத்தது என்று பின்னர் எவராலும் கேட்க முடிவதில்லை. மலையடிவாரத்துச் சாலையோரத்தில் வாய்மொழியாக விடுவிக்கப்படும் சிறு மீறல்களுக்கும் இத்தகைய பதிவு வேண்டும். அது வரும்வரை, முன்பின் அறியாத ஒருவருக்கும் இதே காரணத்தைச் சொல்லி இதே முடிவை எடுப்பேனா என்னும் கேள்வியைக் காவலர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு காப்பு இல்லை.