வாசலில் நின்று கேட்பவர்

திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டாரத்துத் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30 அன்று நூற்றுக்கணக்கான தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தார்கள். பல தலைமுறைகளாக அவர்கள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் முன்னால் நடக்க, காவலர்கள் வரிசை கட்டி நிற்க, அம்மனைப் பார்த்தார்கள். ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1939-இல்.

உள்ளே விடும்படி அவர்கள் யாரிடம் கேட்டார்கள்? அரசிடம். சட்டப்படி அதுதான் வழி. ஆனால் அதே கேள்வியைச் சாமியிடமே நேராகக் கேட்டால் அதற்குப் பெயர் பக்தியா, நிந்தனையா? தமிழ்நாட்டில் அப்படிக் கேட்டது ஓர் இசைக்குழு.

2018 ஜனவரி 6-ஆம் தேதி மாலை, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு அது. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம். பறை, சட்டி, கட்டமோளம் மறுபக்கம். நடுவில் கானா, ராப், ராக். வடசென்னையில் சாவு வீட்டுப் பந்தலில் விடியவிடியப் பாடப்பட்ட கானாவுக்கு அன்று பெரிய ஒலிபெருக்கிகள் கிடைத்தன. அறிவு, முத்து, இசைவாணி போன்ற குரல்கள் அங்கிருந்துதான் ஊரெங்கும் போயின. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர் என எதைப் பாடினாலும் சுற்றி வளைக்காமல் பாடினார்கள்.

அந்தக் குழுவின் பாடல்களில் ஒன்று, இசைவாணி பாடிய ‘ஐ யம் சாரி ஐயப்பா’. சாமியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு உள்ளே வரும் உரிமையைக் கேட்கிறது அந்தக் கானா. பத்து முதல் ஐம்பது வயது வரையுள்ள பெண்கள் சபரிமலைக்குப் போகக் கூடாது என்ற வழக்கத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்திருந்தது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே மறுஆய்வு மனுக்களின்போது அடிப்படைக் கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. பாடலும் அடங்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், இசைவாணி மீது காவல்துறையில் புகார்கள் கொடுக்கப்பட்டன. வசைகளும் மிரட்டல்களும் குவிந்தன.

அமெரிக்கப் பங்க் இசைக்கும் கடவுளோடு நீண்ட சண்டை உண்டு. 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘பேட் ரிலிஜன்’ குழுவின் சின்னமே, குறுக்கே கோடு போட்டு அடித்த சிலுவை. அதன் பாடகர் கிரெக் கிராஃபின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பரிணாமவியலை வகுப்பில் கற்பித்தவர். நியூயார்க்கின் ‘க்ரோ-மேக்ஸ்’ எதிர்த்திசையில் போனது. ஹரே கிருஷ்ணா இயக்கத்தின் பாதிப்பில், 1986-இல் வந்த தன் முதல் ஆல்பத்துக்குக் கலியுகத்தையே பெயராக வைத்தது. ஒருவர் கோயிலை மறுத்து வெளியேறினார், மற்றவர் சரணடைந்து உள்ளே போனார். இரண்டுக்குமே ஒரு வசதி தேவை: போகவும் வரவும் கதவு திறந்திருக்க வேண்டும். மூடிய கதவுக்கு முன்னால் பிறந்தவர் எதை மறுப்பது, எதில் சரணடைவது?

வெளியேறும் வழியைக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அறியாமல் இல்லை. அதன் பெயருக்கு மூலமே அயோத்திதாசர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற அடையாளம்தான். அவர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி மாற்றுப் பாதை காட்டினார். அம்பேத்கர் 1956-இல் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். இந்த மரபில் வந்த குழு, ஐயப்பனிடம் ஏன் பேச வேண்டும்? இதை முரண்பாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு சாமியை வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் அந்தச் சாமி முன் நிற்கும் உரிமை வேண்டும். பாடல் கேட்பது அதைத்தான்.

தமிழ்ப் பக்தி மரபு இப்படிக் கேட்பதைத் தள்ளியதே இல்லை. தன் திருமணத்தைத் தடுத்த கிழவரைச் சுந்தரர் ஏசினார், வந்தவர் சிவன். ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னார், வன்தொண்டர் என்ற பெயரும் தந்தார் என்கிறது பெரியபுராணம். பின்னாளில் கண்ணிழந்தபோதும் அந்தச் சுந்தரர் கெஞ்சியதோடு நிற்கவில்லை, உரிமையோடு கோபித்தார். அந்தப் பதிகங்கள் திருமுறையில் இருக்கின்றன, கோயில்களில் ஓதப்படுகின்றன.

சுந்தரர் வேதியர் குலத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே பெரியபுராணத்தில் நந்தனார் இருக்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் சந்நிதிக்குப் பக்கத்தில் முழங்கியது. அவர் வெளியே நின்றார். கடைசியில் தில்லைக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. இன்றும் எத்தனையோ ஊர்த் திருவிழாக்களில், தீ மூட்டிப் பறையின் தோலைக் காய்ச்சி, அது இறுகிய பிறகு அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்து அம்மனை ஊர்வலம் அழைத்து வருபவர் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறார். இசைவாணியின் பாட்டு நந்தனார் கேட்டதையே கேட்கிறது, நெருப்பு மட்டும் வேண்டாம் என்கிறது.

எதிர்வாதத்துக்கும் எடை உண்டு. சபரிமலை ஐயப்பன் நைஷ்டிக பிரம்மச்சாரி. விரதம் அந்தச் சாமியின் இயல்பிலேயே இருக்கிறது, இதில் தீண்டாமை இல்லை என்கிறார்கள் பக்தர்கள். ஐம்பது வயது வரை காத்திருக்கிறோம் என்று இயக்கம் நடத்திய பெண்களும் உண்டு. நாற்பத்தொரு நாள் மாலை போட்டு, இருமுடி சுமந்து, வெறுங்காலோடு மலையேறுபவரின் மனம் புண்படுவதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே மலையில் எல்லாரும் எல்லாரையும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பம்பைக்குப் போகிற வழியில் எருமேலியில் பலர் வாவர் பள்ளிவாசலை வணங்கிவிட்டுத்தான் நடக்கிறார்கள். சாதியையும் மதத்தையும் இவ்வளவு தூரம் கரைத்த ஒரு வழிபாட்டைப் பார்த்து, இன்னொரு படி கரையக் கூடாதா என்று ஒரு பெண் கேட்டால், அந்த வழிபாட்டின் தர்க்கத்தை வைத்தே கேட்கிறாள். ஒப்புக்கொள்ளாதவர்கள் மறுத்துப் பேசலாம், எதிர்ப்பாட்டும் கட்டலாம். காவல் நிலையத்துக்குப் போன மனுக்களில் அவள் கேள்விக்குப் பதில் இல்லை; அவளுடைய பெயரும், கைது செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும்தான் இருந்தன.