கனியும் காலம்

பழமொழி ஆசிரியனின் கைப்பிரம்பு போன்றது. எண்ணிப் பார்க்காமலேயே ஓங்கிவிடலாம். நான் அவ்வாறு ஓங்கிய ஒரு நாளைப் பற்றியும், அதன் பின்னர் என் உள்ளத்தை விட்டகலாத ஒரு வினாவைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகிறேன்.

மேருவில் குடியிருக்கும் ஒரு பெண், ஆறாம் ஆண்டு முடியும்வரை என்னிடம் படித்தவள், ஒருநாள் காலையில் பள்ளிக்கு வந்திருந்தாள். நாத்தனார் மகனை முதலாம் ஆண்டில் பதிவு செய்ய வேண்டும் என்றாள். படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்ட பின்னும் எழுந்து போகவில்லை. பையனைத் திடலில் விளையாட அனுப்பிவிட்டு, "ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" என்றாள்.

அவளுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ளன என்றார்களாம். கோலாலம்பூரில் ஒரு மருத்துவர், முதிராத கருமுட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் முதிரச் செய்து, அதன் பின் கருவாக்கும் முறை ஒன்று உண்டு என்று கூறியிருக்கிறார். வீட்டில் அதைச் சொன்னபோது மாமியார், "பழுக்காததைப் பழுக்க வைத்தால் அது பிள்ளையாகவா பிறக்கும்?" என்று கேட்டிருக்கிறார். "இது பாவமா, ஐயா?" என்று என்னைக் கேட்டாள்.

மணி அடிக்கும் நேரம். மேசைமேல் கோப்புகள். "பிஞ்சிலே பழுத்தது வெம்பித்தானே போகும், அம்மா? இயற்கையின் போக்கில் விட்டுவிடு" என்றேன். அவள் தலையசைத்தாள். நன்றி கூறிவிட்டு, திடலில் ஓடிக்கொண்டிருந்த பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இன்னொருத்தியின் பிள்ளையை அவள் அழைத்துச் சென்ற அந்தக் காட்சிதான் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அவள் கேட்டது அறத்தைப் பற்றிய கேள்வி. நான் கொடுத்ததோ பழக்கடை வாசலில் கிடைக்கும் விடை. முட்டை முதிர்வதென்றால் என்ன என்பதே எனக்கு அன்று தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு வழங்கியிருந்தேன்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். படித்த முதல் செய்தியே என் பழமொழியை அசைத்தது.

பெண்குழந்தை தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாய் இருக்கும்போதே அதன் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவற்றுள் 10 முதல் 20 இலட்சமே எஞ்சுகின்றன; பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு இலட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை நானூறு ஐந்நூறு மட்டுமே. ஒவ்வொரு முட்டையும் பிறப்பதற்கு முன்பே தன் பிரிவைத் தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுகிறது. இருபது ஆண்டுகளோ, நாற்பது ஆண்டுகளோ அதே நிலையில் காத்திருக்கிறது. அதனைத் தடுத்து நிறுத்தியிருப்பது எது? அதைச் சூழ்ந்திருக்கும் சிறு குமிழியே. 1935இல் கிரிகோரி பிங்கஸ் என்னும் அறிவியலாளர் முயலின் முட்டையை அக்குமிழியிலிருந்து பிரித்தெடுத்து வெளியே வைத்துப் பார்த்தார். தூண்டுவார் எவருமின்றியே அது முதிரத் தொடங்கிற்று!

கார்பைடு கல்லை வைத்து மாங்காயைப் பழுக்க வைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றல்ல. அங்கே காயைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். இங்கே முட்டையைப் பிடித்திருந்த கை விலகுகிறது, அவ்வளவே.

மனித முட்டையில் இதை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் இராபர்ட் எட்வர்ட்ஸ். 1978இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமானவர்களுள் ஒருவர்; 2010இல் நோபல் பரிசு பெற்றவர். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சூலகத் துண்டுகளிலிருந்து முட்டைகளை எடுத்து வைத்து, பன்னிரண்டு மணி நேரத்தில் முதிரும் என்று முன்னையோர் எழுதியதை நம்பிப் பார்த்தார். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றார். ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஒருமுறை, எடுத்துப் பார்க்காமல் கூடுதலாகக் காத்திருந்தார். இருபத்துநான்கு மணி நேரம் கடந்தபோது முட்டை அசையத் தொடங்கியிருந்தது. முழுமை பெற ஏறத்தாழ 36 மணி நேரம் ஆயிற்று. 1965இல் அதை வெளியிட்டார். முட்டை என்றும்போல் தன் வேகத்திலேதான் இருந்தது. பார்த்த கண்ணுக்குத்தான் பொறுமை போதவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, எத்தனை மாணவரைப் பன்னிரண்டாம் மணியில் திறந்து பார்த்து 'தேறாதவன்' என்று எழுதியிருப்பேன் என்று தோன்றியது. அது வேறு கட்டுரை.

1991இல் தென்கொரியாவில் சா குவாங்-யுல் குழுவினர் இம்முறையில் முதிர்ந்த முட்டைகளால் பிள்ளைகள் பிறந்ததை அறிவித்தனர். அம்முட்டைகள் வேறொரு பெண் கொடையாக அளித்தவை. 1994இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் டிரவுன்சன் குழுவினர், நீர்க்கட்டி உள்ள பெண்களின் சொந்த முட்டைகளைக் கொண்டே இதை நிகழ்த்திக் காட்டினர்.

நீர்க்கட்டி உள்ளோருக்கு இது ஏன் குறிப்பாகப் பொருந்துகிறது? வழக்கமான சோதனைக்குழாய் முறையில், ஏறத்தாழ பத்து நாட்களுக்கு நாள்தோறும் ஹார்மோன் ஊசி போட்டு, பல முட்டைகளை உடலுக்குள்ளேயே ஒருசேர முதிர வைக்கிறார்கள். நீர்க்கட்டி உடைய பெண்களுக்கு இதனால் சூலகம் அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, அரிதாக உயிருக்கே இடர் நேர்வதுண்டு. முதிராத முட்டையை எடுக்கும் முறையிலோ ஊசியே இல்லை. இருந்தாலும் இரண்டு மூன்று நாட்களே. ஆக, முட்டையை விரட்டி விரட்டிக் கனிய வைக்கும் முறை எது என்று கேட்டால், நான் 'இயற்கைக்கு மாறானது' என்று ஒதுக்கியது அன்று. ஊரார் ஏற்றுக்கொண்டுவிட்ட மற்றதே.

இவ்வளவோடு நிறுத்தினால் நான் வழக்கறிஞனாவேனே தவிர நடுவன் ஆகேன். என் பழமொழியில் ஓரணு உண்மையும் இருந்தது. குமிழியை விட்டு முன்கூட்டியே வெளிவந்த முட்டையில் உட்கரு விரைந்து ஆயத்தமாகிவிடுகிறது. ஆனால், கருவை முதல் சில நாட்கள் தாங்க வேண்டிய சுற்றுப்பொருள் அதே விரைவில் ஆயத்தமாவதில்லை. கதவு திறந்துவிட்டது, வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அதனால்தான் இம்முறையின் பலன் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. இக்குறையை ஆய்வாளர் களைய முற்பட்ட வழி வியப்பானது. வெளியே எடுத்த முட்டையை உடனே முதிர விடாமல், குமிழி செய்த அதே வேலையைச் செய்யும் ஒரு பொருளைக் கொண்டு ஒருநாள் தடுத்து நிறுத்தி, உள்ளே எல்லாம் ஒழுங்குபட்ட பின் முதிர விடுகிறார்கள். விடுவிப்பதற்காகவே தடுத்து வைக்கிறார்கள்.

நம் அண்டை நாடான வியட்நாமில், ஹோ சி மின் நகரில், இவ்வழியை வழக்கமான முறையோடு ஒப்பிட்டு 546 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. முதல் முறை கருவைக் கருப்பையில் வைத்தபோது குழந்தை பெற்றோர், வழக்கமான முறையில் நூற்றுக்கு 43.2, முதிராத முட்டை முறையில் 35.2. சூலக வீக்கம் முன்னதில் 0.7; பின்னதில் ஒருவருக்குமில்லை. 2021இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், இம்முறையைச் சோதனை நிலையிலுள்ளது என்று இனிக் கூற வேண்டியதில்லை என முடிவு செய்தது. பிறந்த பிள்ளைகளை இதுவரை ஆராய்ந்தவர்கள் பெருங்குறை எதையும் காணவில்லை. ஆனால் அவ்வாறு பிறந்தோர் தொகை இன்னும் சிறியதே.

இந்த எண்களுக்கு முன்னால்தான் அறக்கேள்வி உண்மையில் எழுகிறது. நூற்றுக்கு எட்டுப் பெண்களின் வாய்ப்புக் குறைகிறது. உடலின் துன்பமும் குறைகிறது. எதனை எதற்கு ஈடாகக் கொடுப்பது? இதை முடிவு செய்பவர் யார்?

நம் இலக்கணம் இங்கு எனக்கு ஒரு வழி காட்டியது. சினை என்றால் உறுப்பு. மரம் முதல், கிளை சினை. மனிதன் முதல், கை சினை. அதே சினை என்னும் சொல்தான் முட்டையையும் கருவையும் குறிக்கிறது. மீன்சினை என்கிறோம், சினைப்பசு என்கிறோம், சூலகத்தையே சினைப்பை என்கிறோம். ஒரே சொல் இரண்டையும் ஏன் சுமந்தது என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். எனக்கு விளங்கியது இது: கருவுறாத முட்டை, ஒரு பெண்ணின் கையைப் போல, கண்ணைப் போல, அவளுடைய சினை. அதை எடுப்பதா, விடுவதா, எந்த முறையில் எடுப்பது என்பதில் முதற்சொல் அவளுடையது. மாமியாருடையதன்று, தலைமையாசிரியருடையதும் அன்று. கருவுற்ற பின்னர் அந்தச் சினை எந்த நொடியில் முதலாகிறது என்பதில் சமயங்களும் சட்டங்களும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. உறைநிலையில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்படும் கருக்களை எண்ணும்போது எனக்குள்ளும் ஓர் உறுத்தல் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அவ்வுறைநிலையால் மட்டுமே பிறந்த ஒரு குழந்தையும் உண்டு. சிங்கப்பூர்க் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையைச் சேர்ந்த பிரசாத் முதலானோர் 2014இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். சூலகப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் சூலகத்தை அகற்ற வேண்டியிருந்தது. உடலைவிட்டு அகற்றிய அந்தச் சூலகத்திலிருந்து முதிராத முட்டைகளைத் தேடி எடுத்தார்கள். ஆய்வகத்தில் முதிர வைத்துக் கருவாக்கி, உறையவைத்துக் காத்தார்கள். பின்னாளில் அவள் தாயானாள். இவ்வழியில் நிகழ்ந்த முதல் பிறப்பு என்று அவ்வறிக்கை பதிவு செய்கிறது. மருத்துவக் கழிவாகப் போயிருக்க வேண்டிய ஓர் உறுப்பிலிருந்து ஒரு பிள்ளை! அப்பெண்ணிடம் 'இயற்கையின் போக்கில் விட்டுவிடு' என்று சொல்லும் துணிவு எனக்கு வருமா?

அவளுக்கு நேரம் இல்லை. அவளுடைய அவசரம் உண்மையான அவசரம். என் மாணவிக்கோ அவசரம் எங்கிருந்து வந்தது? இதை எண்ணியபோது எனக்குக் காந்தாரியின் நினைவு வந்தது. இரண்டு ஆண்டுகள் கருவைச் சுமந்தவள், குந்திக்கு மகன் பிறந்தான் என்று கேட்ட அன்றே பொறுமை இழந்து தன் வயிற்றில் அடித்துக்கொண்டாள். வெளிவந்தது வெறும் தசைப்பிண்டம். வியாசர் அதனை நூற்றொரு கூறாக்கி நெய்க்குடங்களில் இட்டு, உரிய காலம்வரை காக்கச் செய்தார். இக்கதையைக் காட்டி, அக்காலத்திலேயே நம்மிடம் இந்த அறிவியல் இருந்தது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை கதைதான். ஆனால் ஒரு பெண்ணை அவள் வயிற்றிலேயே அடித்துக்கொள்ள வைத்தது எது என்பதைக் கதை சொன்னவர் நன்கு அறிந்திருந்தார். அடுத்த வீட்டுத் தொட்டில் அது.

2023இல் உலகச் சுகாதார நிறுவனம், ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் பிள்ளைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார் என்று கணக்கிட்டது. தடை ஆணிடமும் இருக்கலாம். எனினும் நம் திருமண வீடுகளில், "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வி அவளை நோக்கித்தான் வீசப்படுகிறது. என் அறையில் அவள் அமர்ந்திருந்தபோது, "உன் கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா?" என்று நானும் கேட்கவில்லை. பணமும் எளிதன்று. பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க, 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் வழி வகுத்தது. முதுமைக்கு வைத்த பணத்தை எடுத்து நூற்றுக்கு முப்பத்தைந்து என்னும் வாய்ப்பில் வைக்கும்போது, அந்த முப்பத்தைந்தை ஒளிக்காமல் அவளிடம் கூறுவது மருத்துவரின் கடமை. கூறாத இடத்தில்தான் பாவம் என்னும் சொல்லுக்கு வேலை உண்டு.

நான்கு மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, மேருவில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மருத்துவரிடம் மறுபடியும் போகவே இல்லை. என் சொல்லைக் கேட்டுத்தான் போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவள் மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் முன்னிலையிலேயே, "அன்று நான் சொன்னது தவறு, அம்மா. தெரியாமல் சொன்னேன்" என்றேன். பின்னர், படித்ததை எல்லாம் என்னால் இயன்ற அளவு சொன்னேன். எண்களையும் சொன்னேன். கணவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நான் இன்னும் சோதித்துக்கொள்ளவில்லை, ஐயா. திங்கட்கிழமை விடுப்பு எடுக்கிறேன்" என்றார்.

மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெரிய வாத்தியாரே, அந்த முட்டை அங்கே எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒன்றிரண்டு நாள்தான், அம்மா."

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

என் மாணவி எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தாள்.